அரை மில்லிகிராம்

மூலனூருக்குத் தெற்கே, ஐப்பசி,
ராத்திரி ரெண்டு மணி.
என் வலதுகால் பெருவிரலுக்குள்
யாரோ அடுப்பு மூட்டுகிறார்கள்.
போர்வை நுனி பட்டால் போதும்,
பட்டி நாய் எழுந்து குரைக்கிறது என் குரலுக்கு.
தெய்வாத்தாள் மின்விசிறியை அணைக்கிறாள்,
காற்றும் வலிக்கிறது என்றேனாம்.

கட்டிலுக்கு அடியில்
போன வருசத்துக் கண்வலி விதை, ஆறு மூட்டை.
விலை ஏறட்டும் என்று வைத்தது.
ஏறியது என் ரத்தத்தில் யூரிக் அமிலம் மட்டும்.

தாராபுரம் டாக்டர் எழுதித் தந்த அட்டையைச்
செல்போன் வெளிச்சத்தில் பிடித்து
எழுத்துக் கூட்டுகிறாள்:
கோல்... சி... சின்.
"ஏனுங்க, இது நம்ம வெதையில இருந்து எடுக்கறதுன்னு
மருந்துக்கடைப் புள்ள சொல்லுச்சுங்களே."
ஒரு மாத்திரைக்கு அரை மில்லிகிராம்.
தராசில் வைத்தால் தராசுக்கே தெரியாது.

வலிக்கிறவனுக்குக் கணக்கு நன்றாக வரும்.
கிலோவுக்கு ஏழு கிராம் தேறும் என்பான் வியாபாரி,
விலை பேசும்போது மட்டும் தேறாது என்பான்.
ஏழே என்று வைத்துக்கொள்.
கிலோவுக்குப் பதினாலாயிரம் மாத்திரை.
மூட்டைக்கு ஐம்பது கிலோ.
நாற்பத்திரண்டு லட்சம் மாத்திரைக்கு மேல்
பாய் விரித்துப் படுத்துக்கொண்டு
பத்து மாத்திரைக்காக
பஸ்ஸில் நொண்டிப் போய் வந்தவன் நான்.

"ரெண்டு வெதையை மென்னு பாத்தா என்ன?"

அவள் பேசவில்லை.
பேச வேண்டியதும் இல்லை.
பள்ளத்துக்கு அந்தப்புறம் சென்னியப்பன்,
விலை விழுந்த வருசம்,
கிழங்கைத் தின்றான்.
முதல் நாள் வாந்தி.
மறுநாள் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டான்.
தப்பித்தான் என்று கோழி அடித்தார்கள்.
நாலாம் நாள் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில்
ஒன்று இரண்டாகிற வேலையை
உடம்பு நிறுத்திவிட்டது என்றாராம் டாக்டர்.
அதே சரக்கு.
அவன் பறித்த வரப்புக்கும் இந்த அட்டைக்கும் நடுவே
அளந்து பார்க்க ஓர் ஆள் இருந்தார்,
அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த இருட்டிலேயே மூட்டைகளை
ஒவ்வொன்றாக இழுத்துப் போனாள்.
சாக்கு தரையில் உரசுகிற சத்தம்,
மோட்டார் ரூம் பூட்டு விழுகிற சத்தம்.
சாவி எங்கே என்று இன்றுவரை சொல்லவில்லை.

விடியும்போது அடுப்பு கரியாகியிருந்தது.
விரலைத் தரையில் வைத்தேன்.
தரை ஒன்றும் செய்யவில்லை.

சன்னலுக்கு வெளியே கம்பிப் பந்தல் முழுக்கத்
தலைகீழாய்த் தொங்கி
மேல்நோக்கி எரிகிற பூக்கள்.
இலை நுனி சுருண்டு, கிடைத்ததைப் பிடித்துக்கொள்கிற கொடி,
ஆனால் பூவுக்குள் ஒற்றுமை இல்லை.
சூல்தண்டு, சீர் குறைந்ததென்று கோபித்துக்கொண்ட
பங்காளி மாதிரி
பக்கவாட்டில் முகம் திருப்பி நிற்கும்.
தேனீயை நம்பினால் காய் கால்வாசி.
ரங்காள் வந்து தொட்டு வைக்க வேண்டும்,
வெயில் ஏறுமுன், பூப்பூவாக.
காந்தளை விரல் என்று அந்தக் காலத்தில் பாடினார்களாம்.
யாருடைய விரல் என்று கேட்டுப் பார்த்திருக்கலாம்.

பத்தரை மணிக்கு வாசலில் நின்றாள்.
நகக்கண்ணில் மஞ்சள் தூள்,
நடுவிரல் கணு, ஊறிய கடலை போல.
"ஏனுங்க, உங்க மாத்தரை இதுக்குக் கேக்குமுங்களா?"

அது வேற வலி, டாக்டரிடம் காட்டு என்றேன்.

"வேற வலிதானுங்க" என்றாள்.
"அதுக்கு எந்தச் செடிங்க?"

தெரியவில்லை எனக்கு.
இன்றிலிருந்து கூலியில் ஐம்பது சேர்த்துக்கொள் என்றேன்.
வாங்கி எண்ணாமல் முடிந்துகொண்டு
ஆசாரத்து நிழலில் கொஞ்சம் நின்றாள்.
அந்த ஐம்பது
மருந்தின் அளவா,
அதற்குக் கீழேயா என்று
அட்டையில் எங்கும் போட்டிருக்கவில்லை.